கொக்கு பறந்தது, ம், அடுத்து

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்பதை நாங்கள் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து எழுந்தால் பேண்ட்டின் பின்பக்கம் வெள்ளையாகப் பெயிண்ட் பட்டை விழுந்திருக்கும். சரி, யாரோ வருகிறார்கள் என்று புரிந்துவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றாலே என் கை தானாகப் பெயிண்ட் டப்பாவைத் தேடும். மாமனார் வந்தபோது கேட்டுக்கு அடித்தேன். கேஸ் கம்பெனி ஆள் சோதனைக்கு வந்தபோது சிலிண்டருக்கே அடிக்கப் போய் அவரிடம் திட்டு வாங்கினேன். ஒருமுறை பெற்ற பெண்ணுக்கே ஒரு கோட் அடித்துவிட்டேன். அது இன்னும் முழுசாக உரியவில்லை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுகிறது அல்லவா, அதற்கு அடியில் சுற்றும் ரோலர்களைப் பழுது பார்க்கும் சின்னத் தனியார் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். பட்டறை ஓடுவதே கான்ட்ராக்டில்தான். மனைவி செல்வி காடாம்புலியூர்க்காரி. அவளுக்குச் சுரங்கக் கம்பெனியில் ஆபீஸ் வேலை, பெர்மனென்ட். குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். ஆக, வீட்டில் அவள் பெர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். (இந்த ஜோக் என்னுடையது இல்லை. கல்யாணமான முதல் வாரமே அவள் சொன்னது.)

எங்களுக்கு ஒரே பெண், கயல்விழி. இந்தக் கதை நடந்தபோது மூன்றாம் வகுப்பு. காதில் ஒன்று விழுந்தால் போதும், அவளுக்கு மறக்காது. டவுன்ஷிப் பேருந்தில் கண்டக்டர் சொல்லும் நிறுத்தங்களை வரிசை மாறாமல், அவர் குரலிலேயே, நடுவில் அவர் இருமும் இருமலோடு சொல்லுவாள். ஆனால் எழுத்து மட்டும் அவளிடம் நிற்காது. 'ப' என்று தனியாக எழுதிக் காட்டினால் சொல்லிவிடுவாள். அதே எழுத்து 'படம்' என்ற சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். வகுப்பில் வாசிக்கும் முறை அவளை நெருங்க நெருங்க வயிறு வலிக்கும். முதலில் நடிக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் வகுப்பிலேயே வாந்தி எடுத்தபோதுதான் நடிப்பு இல்லை என்று தெரிந்தது.

அப்புறம் பள்ளிக்கு ரெஜினா மிஸ் வந்தார். சிறப்பு ஆசிரியர். வாரத்தில் சில பீரியட்கள் கயலைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதவைப்பார். பரீட்சைத் தாளை அவரே வாசித்துக் காட்டி, கயல் வாயால் சொல்லும் பதிலுக்கு மார்க் போடச் சொல்லி வகுப்பு ஆசிரியையிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தார். வயிற்று வலி குறைந்தது. காலையில் அவளே சாக்ஸைத் தேடி எடுக்க ஆரம்பித்தாள்.

வருஷ முடிவில் இந்த உதவி தொடர வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடக்கும். தலைமை ஆசிரியை, வகுப்பு ஆசிரியை, ரெஜினா மிஸ், கடலூரிலிருந்து வரும் ஒரு மனநல நிபுணர் மேடம், அப்புறம் பெற்றோர். கூட்டத்துக்கு முன்னால் பெற்றோர் தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தை தானாக என்ன செய்கிறாள், எதில் உதவி வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள் என்று சில கேள்விகள். அவ்வளவுதான்.

செல்வி பேனாவை எடுப்பதற்குள் நான் பிடுங்கிக்கொண்டேன். "இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு யார் எழுதறது? நான்தானே?"

எங்கள் பட்டறையின் இன்ஸ்பெக்ஷன் பெருமையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை கொடுத்தவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முந்தின வாரமே தரையில் மஞ்சள் கோடு போடுவோம். எண்ணெய் ஒழுகும் இடத்தில் பூந்தொட்டி வைப்போம். எப்படித் தட்டினாலும் சுற்றாத ரோலருக்கு 'ஸ்டேண்ட்பை' என்று ஒரு போர்டு மாட்டிவிடுவோம். அந்தப் போர்டு என் கண்டுபிடிப்பு. அதற்காக முதலாளி எனக்கு ஒரு தீபாவளிக்கு வெள்ளி டம்ளர் கொடுத்தார்.

"இன்னாங்க எழுதிகினு இருக்கீங்க? படிங்க பாக்கலாம்" என்றாள் செல்வி.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன். "மாணவியின் பொதுநிலை திருப்திகரம். அன்றாடப் பணிகள் பிறர் உதவியின்றி நடைபெறுகின்றன. குறிப்பிடும்படியான குறைபாடு ஏதும் காணப்படவில்லை."

"இது நம்ம கொயந்தையா, இல்ல உங்க ரோலரா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஷூ லேஸ் கட்டத் தெரியலயே இன்னும். அத எழுதுங்க."

மறுநாளே கடைக்குப் போய் ஒட்டி மூடுகிற பட்டை வைத்த ஷூ வாங்கி வந்தேன். 'காலணிகளைத் தானே அணிந்துகொள்கிறாள்' என்று எழுதினேன். பொய் இல்லை பாருங்கள். என் எழுத்தில் பொய்யே இருக்காது. அதுதான் என் தொழில்.

'எதற்குப் பயப்படுகிறாள்' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். செல்வி அந்த 'இல்லை'மேல் விரலை வைத்தாள்.

"எல்லாம் நல்லாக்கீதுன்னு எழுதினா மிஸ்ஸ எடுத்துடுவாங்க. இதுகூடவா தெரியல உங்களுக்கு?"

"உலகம் தெரியாம பேசாத. நல்லா இருந்தாதான் ரினியூவல். சுத்தலைன்னு நாமளே எழுதிக் குடுத்தா கான்ட்ராக்ட் கட். படிக்கவே வராதுன்னு எழுதினா, இந்த ஸ்கூல் சரிப்படாது, வேற எங்கயாவது பாருங்கன்னு டி.சி.யைக் கையில குடுத்துட்டா என்ன பண்ணுவே?"

இதில்தான் என் பயம் இருந்தது. ராத்திரியெல்லாம் அதுதான் ஓடும். ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்லாமல், எனக்கு உலகம் தெரியும் என்று சொன்னேன். பெர்மனென்ட்காரிக்கு வேலை போய்விடும் என்ற பயமே தெரியாது, அவளுக்கு என்ன புரியும் என்று மனசுக்குள் அவளைத் திட்டவும் செய்தேன்.

அவள் சொன்னாள்: "இன்னாவோ பண்ணுங்க. அங்க என்னிய கேட்டா நான் உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன்."

எழுத்து முடிந்தது. அடுத்து சரக்கைத் தயார் செய்ய வேண்டுமே. கூட்டத்தில் குழந்தையைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கயலின் தமிழ்ப் புத்தகத்தில் குளத்துக்கு வந்த ஒரு கொக்கைப் பற்றி ஒரு பாடம். அதை நான் சத்தமாகப் படிக்க, அவள் கேட்டாள். மறுநாள் அவளே சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி விரல்தான் பாக்கி. எந்த வார்த்தைக்கு விரல் எந்த வரியில் இருக்க வேண்டும், 'இறகு நனைந்தது' என்றதும் பக்கத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று பழக்கினேன். கண்ணை விரலோடு ஓட்டச் சொன்னேன். கடைசியில், தெரியாத வார்த்தைபோல் ஒரு இடத்தில் லேசாகத் தடுமாறவும் சொல்லிக்கொடுத்தேன். ரொம்பச் சுத்தமாக இருந்தால் இன்ஸ்பெக்ஷனில் சந்தேகம் வரும். இதெல்லாம் அனுபவம்.

அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது. ஏனென்றால் கயல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதற்கு முன் நான் அவளோடு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது. அது செல்வியின் வேலை, ரெஜினா மிஸ்ஸின் வேலை. இப்போது ஷிப்ட் முடிந்து நான் வரும்போது கேட்டில் புத்தகத்தோடு நிற்பாள். என் கிரீஸ் கையைக்கூடக் கழுவவிட மாட்டாள். "நாளைக்கும் படிக்கலாமா ப்பா?" என்று தூங்கப் போகும் முன் கேட்பாள். அப்பாவும் பெண்ணும் படிக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தன்று நான் கல்யாணத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தலைமை ஆசிரியை அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. (பேரிங் போயிருந்தது. வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.) கடலூர் மேடம் என் எழுத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். செல்வி தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயல், உனக்குப் பிடிச்ச பாடம் ஏதாவது படிச்சுக் காட்டறியா?" என்றார் மேடம்.

கயல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, ஆரம்பித்தாள். "குளத்தில் தண்ணீர் வற்றியது. வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து இறங்கியது." விரல் நகர்ந்தது. கண் நகர்ந்தது. 'இறகு நனைந்தது' என்றதும் பக்கம் திரும்பியது. தடுமாற வேண்டிய இடத்தில் அழகாகத் தடுமாறினாள். வகுப்பு ஆசிரியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது.

"கொக்கு பறந்தது. ம், அடுத்து" என்றாள் கயல்.

என் குரல். ஒவ்வொரு பத்தி முடிவிலும் நான் கனைத்துக்கொண்டு சொன்ன அந்த 'ம், அடுத்து'வையும் பாடத்தோடு சேர்த்து அவள் ஏற்றிவைத்திருந்தாள்! அடுத்த பத்தி முடிவிலும் அதே கனைப்போடு வந்தது. எல்லோரும் குழந்தைக் குறும்பு என்று சிரித்தார்கள். ரெஜினா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கயல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடலூர் மேடம் என் காகிதத்தை மடித்துவைத்தார். "பேரண்ட்ஸ் கருத்தும் சரியா இருக்கு, குழந்தையும் நல்லா வாசிக்கிறா. ரொம்ப சந்தோஷம். அடுத்த வருஷத்துலேருந்து கயலுக்குத் தனி வகுப்பு தேவைப்படாது. அந்த நேரத்தை வேற குழந்தைக்குக் கொடுத்துடலாம்."

கை தட்டுவதற்குத் தூக்கிய கை எனக்கு அப்படியே நின்றது.

ரெஜினா மிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் செல்வி, "மேடம், கொயந்தைய வெளிய கொஞ்சம் வெளாட அனுப்பிட்டுப் பேசலாங்க" என்றாள். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். அதன்படி நடந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் எனக்கோ சரக்கு லாரியில் ஏறிவிட்ட பதைப்பு. எழுந்து நின்றுகொண்டு கத்தினேன்.

"மேடம், அவளுக்குப் படிக்கவே வராது மேடம்! எல்லாம் மனப்பாடம்! நான் சொல்லிக்குடுத்தது! ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது மேடம் அவளுக்கு!"

மேடம் என் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லையோ என்று நினைத்தேன். அத்தோடு விட்டேனா? புத்தகத்தைப் பிடுங்கி வேறு பக்கத்தைத் திறந்து கயலின் முன்னால் வைத்தேன். சாலை விதிகள் பற்றிய பாடம். சிவப்பு விளக்கில் ஒரு பேருந்து நிற்கிற படம்.

"படி கண்ணு, படி. படிச்சுக் காட்டு மேடத்துக்கு."

அப்பா சொன்னால் கயல் செய்வாள். விரலைப் பேருந்தின் சக்கரத்துக்குக் கீழே வைத்தாள். "குளத்தில் தண்ணீர் வற்றியது" என்று ஆரம்பித்தாள். குரல் முன்புபோல் இல்லை. விரல் வரி மாறாமல் போனது. வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து இறங்கியது. நடுவில் நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையசைக்க மறந்துவிட்டேன். திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

"போதும் கயல்" என்று ரெஜினா மிஸ் எழுந்து வந்து புத்தகத்தை மூடினார். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகும்போது ஷூவின் பட்டை ஒன்று ஒட்டாமல் தரையில் இழுபட்டது. 'காலணிகளைத் தானே அணிந்துகொள்கிறாள்' என்று எழுதிய காகிதம் மேஜைமேல் இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் என் முதுகில் வாயை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் தப்பா படிச்சிட்டேனா ப்பா?"

நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். பின்னாலிருந்து செல்விதான், "நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. நல்லாதான் சொன்ன" என்றாள். அதற்கப்புறம் என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். கேட்டில் யாரும் இல்லை. தமிழ்ப் புத்தகத்தைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். வீடு பெருக்கும்போதுதான் கிடைத்தது.

பள்ளியில் யாரும் டி.சி. கொடுக்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நான் பயப்படாதது நடந்தது. மறுபடி சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம், அதுவரை தனி வகுப்பு கிடையாது என்று தள்ளிவைத்தார்கள். அதற்குள் கோடை விடுமுறை வந்தது, பள்ளி திறந்தது, மேடத்துக்குத் தேதி ஒத்துவரவில்லை. ரெஜினா மிஸ் பக்கத்து அறையில் இருக்க, கயல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வயிற்று வலி திரும்ப வந்தது. சாக்ஸ் மறுபடி தொலைய ஆரம்பித்தது. மழைக்காலம் தொடங்கும்வரை அப்படியே போயிற்று. அந்த மாதங்கள் என் திறமையால் அவளுக்குக் கிடைத்தவை. அதை நினைக்கும்போது மட்டும் எனக்கு ஜோக் எதுவும் வராது.

மறு கூட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது பேனா செல்வியிடம் போனது. எனக்கு டீ போடும் வேலை. அவள் எல்லாவற்றையும் எழுதினாள், லேஸ், வாந்தி, ரவைத் தட்டு, பேருந்து கண்டக்டர் உட்பட. 'எதற்குப் பயப்படுகிறாள்' என்ற இடம் வந்ததும் கயலையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஒனக்கு எதுக்கு கண்ணு பயம்?"

கயல் யோசித்தாள். "எனக்குப் படிக்க வரலன்னா அப்பாவுக்கு என்னைப் புடிக்காம போயிடுமோன்னு."

டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தேன். செல்வி அதையும் அப்படியே எழுதினாள். தனி வகுப்பு திரும்பக் கிடைத்தது, முன்பைவிடக் கூடுதலாகவே.

அப்புறம் நான் அவளைப் படிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, நானே படிக்க ஆரம்பித்தேன். பேப்பர், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக. அவள் உள்ளறையில் இருப்பாள். ரொம்ப நாள் வரவே இல்லை. ஒருநாள் குள்ளஞ்சாவடிச் சந்தையில் பலாப்பழ வரத்து பற்றிய செய்தியைப் படித்துவிட்டு நிறுத்தினேன். உள்ளேயிருந்து, என் கனைப்போடு, என் குரலில் வந்தது: "ம், அடுத்து."

அன்றைக்கு நான் அந்தப் பேப்பரில் வரி விளம்பரம்வரை படித்தேன்.

இப்போது கயல் பதினொன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஸ்க்ரைப் கொடுத்தார்கள். எழுதிய டீச்சருக்குக் கை வலித்ததாம், அவ்வளவு சொல்லியிருக்கிறாள். வீட்டிலோ அந்த 'ம், அடுத்து' சொத்தாகத் தங்கிவிட்டது. சொந்தக்காரர்களிடம் பட்டறையில் எனக்கிருக்கும் மரியாதையைப் பற்றி நான் ஆரம்பித்தால் போதும், அம்மாவோ பெண்ணோ, யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். மாமனார்கூடப் பழகிவிட்டார்.

போன மாதம் எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. செல்விக்கு ஆபீஸ் என்பதால் கயல்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார். தூக்கம் எப்படி? நல்லா இருக்கு டாக்டர். சாப்பாடு? கட்டுப்பாடுதான் டாக்டர். மூச்சு வாங்குதா? அதெல்லாம் திருப்திகரம் டாக்டர்.

கயல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டாக்டர், நான்தான் அப்பாவுக்கு ஸ்க்ரைப். நான் சொல்றேன், எழுதிக்கோங்க. ராத்திரி தூங்கறதே இல்ல. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில மிக்சர் பாக்கெட் வெச்சிருக்காரு. மாடிப்படி ஏறினா நடுவுல செருப்பு சரிபண்ற மாதிரி நிப்பாரு. அதோட, அவருக்குப் பயம் ஜாஸ்தி டாக்டர். எல்லாத்துக்கும் பயம். சொல்ல மாட்டாரு. அதையும் எழுதிக்கோங்க."

டாக்டர் எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சார்?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ம், அடுத்து" என்றாள் கயல்.